ரெண்டு வாளித் தண்ணி எடை

பீப்பாங்கிறது அவரோட பேரு இல்ல. ஆனா வேலை பாக்குற இடத்துல அந்தப் பேரைச் சொன்னாத்தான் ஆளு தெரியும். சொந்தப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டா, அவரே திரும்பி நின்னு "யாரைத் தேடுறீங்க"ன்னு கேப்பாரு.

மாடி மேல மாடி வச்சுக் கட்டின கண்ணாடிக் கட்டடங்களை வெளிப்பக்கமாத் தொங்கிக்கிட்டே கழுவுற வேலை அவருக்கு. சேரும்போது துடைக்க வந்த ஆளா, துடைக்கிற துணியான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு ஒல்லி. பலமாக் காத்தடிச்சா அவரைச் சுருட்டி வாளிக்குள்ள வச்சுருவாங்கன்னு பழைய ஆளுங்க இன்னைக்கும் சொல்லுவாங்க. அப்புறம் கல்யாணம் ஆச்சு. வீட்டுச் சாப்பாடு. ஒரு பக்கம் கழுவி முடிச்சா ஒரு டீ. டீக்குத் துணையா பிஸ்கட்டு. பிஸ்கட்டு தீந்து போன துக்கத்துல இன்னொரு டீ. இப்படியே போய், பெல்ட்டுல இருந்த ஓட்டையெல்லாம் தீந்து, நுனியில ஒரு கயித்துத் துண்டைக் கட்டி நீட்ட வேண்டியதாப் போச்சு.

தொங்குற அந்த மேடைக்குத் தொட்டில்னு பேரு. கழுதை வயசுல தொட்டில்ல ஆடுற ஆளுங்கன்னு தெருவுல கிண்டல் பண்ணுவாங்க. ஒரு நீளப் பலகை, இடுப்பு உயரத்துக்குச் சுத்திக் கம்பி, ரெண்டு முனையிலயும் ஆளுக்கொரு கைப்பிடி. இந்த முனையை இவரு சுத்தணும், அந்த முனையைக் கூட வர்றவரு சுத்தணும். ஒரே வேகத்துல சுத்தினாத்தான் தொட்டில் மட்டமா ஏறும். ஒருத்தரு முந்தினா சாயும். சாஞ்சா வாளி வழுக்கும், வாளி வழுக்கினா வயித்துக்குள்ள என்னென்னமோ வழுக்கும். அதனால தொட்டில்ல ஏறுற ஜோடி, புருஷன் பொண்டாட்டியை விடப் பொருத்தமா இருக்கணும். புருஷன் பொண்டாட்டி சண்டையில தட்டுதான் பறக்கும். இங்க ஆளே பறப்பான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. இடுப்புல கட்டுற கயிறு இருக்கே, அந்த முடிச்சைக் கட்டினவன் பாத்துச் சரின்னு சொல்லக் கூடாது. கூட வர்றவன் இழுத்துப் பாத்துச் சொல்லணும். இவரு முடிச்சுக்கு அவன் பொறுப்பு, அவன் முடிச்சுக்கு இவரு பொறுப்பு.

பீப்பாவோட ஜோடி வேற யாரும் இல்ல, சம்சாரத்தோட தம்பிதான். வேலைவெட்டி இல்லாம அக்கா வீட்டு வாசப்படியில வெயில் காஞ்சுக்கிட்டு இருந்தவனை, "வாடா மாப்ள, உனக்கு ஊரையே மேல இருந்து காட்டுறேன்"ன்னு இவருதான் கூட்டிட்டுப் போனாரு. முதல் நாள் மேல ஏறினதும் அவன் கம்பியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, பிறந்த குழந்தை மாதிரி கண்ணைத் திறக்கவே இல்ல.

"மாமா, கீழ பாக்காதேன்னு சொல்லுங்க மாமா."

"நீதான் கண்ணையே திறக்கலையேடா."

"மூடிக்கிட்டே பாக்குறேன் மாமா."

அன்னைக்கு முழுக்க ரெண்டு முனையையும் பீப்பாவே சுத்தினாரு. இந்தப் பக்கம் கொஞ்சம், ஓடிப் போய் அந்தப் பக்கம் கொஞ்சம். கட்டடத்துக்குள்ள உக்காந்திருந்த ஆபீஸ்காரங்க, ஒரு பீப்பா உருண்டு உருண்டு போறதையும் வர்றதையும் பாத்து வேலையை விட்டுட்டாங்க. அப்படித் தூக்கி வளத்த ஜோடி. அதுக்கப்புறம் மாமனும் மாப்ளையும் ஒண்ணு சேந்து கைப்பிடியைச் சுத்தினா, தொட்டில்ல ஒரு டம்ளர் தண்ணியை வழிய வழிய வச்சாலும் ஒரு சொட்டு சிந்தாது.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனிக்கு ஒரு புதுக் கோபுரம் கிடைச்சுது. அண்ணாந்து பாத்தா கழுத்து சுளுக்கிக்கும், அவ்வளவு உயரம். அதோட ஒரு சட்டமும் வந்துச்சு. தொட்டில்ல ஏறுற ரெண்டு ஆளு, வாளி, சோப்பு, கயிறு எல்லாம் சேந்து இவ்வளவு எடைதான், ஒரு பிடி கூடினாலும் மேல விட மாட்டோம்னு.

சூப்பர்வைசரு ஒவ்வொரு ஜோடியா சாமான் இறக்குற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க ஒரு பெரிய இரும்புத் தராசு இருக்கு, பீரோவெல்லாம் ஏத்தி எடை பாக்குறது. தொட்டில்ல எப்படி நிப்பாங்களோ அப்படியே, வாளியோட, பெல்ட்டோட, ரெண்டு பேரையும் சேத்து ஏத்தினாரு. தொட்டிலுக்கு மொத்தம்தானே கணக்கு, தனித்தனியா எதுக்குன்னு அவரு நினைப்பு. பீப்பாவும் மச்சினனும் ஏறினதும் முள்ளு சட்டம் சொன்ன எடையைத் தாண்டிப் போய் நின்னுச்சு.

"ரெண்டு வாளித் தண்ணி எடை அதிகமா இருக்கு"ன்னாரு சூப்பர்வைசரு.

"அப்ப ரெண்டு வாளியை இறக்கிருவோம் சார்."

"வாளி இல்லாமக் கண்ணாடி கழுவ முடியாது. தொப்பை இல்லாமக் கழுவலாம். கோபுர வேலை ஆரம்பிக்கிறதுக்குள்ள குறைச்சுட்டு வாங்க. இல்லன்னா ஜோடியைப் பிரிச்சு ஒருத்தரைக் கீழ போட்டுருவேன்."

கீழன்னா கோபுரத்துக்கு அடியில கார் நிறுத்துற பாதாளம். அங்க வெளிச்சமும் கிடையாது, காத்தும் கிடையாது, நாள் பூரா டயர் தடத்தைத் துடைக்கணும். பீப்பாவுக்கு அதை நினைச்சாலே மூச்சு முட்டுச்சு. அவருக்கு மேலதான் எல்லாமே. பறவை கூட அவரைப் பாத்தா ஒதுங்கி வழி விடும்னு சொல்லிக்குவாரு. தரையில நடக்கும்போது அவரு குண்டான ஒரு ஆளு, அவ்வளவுதான். மேல போயிட்டா அவரு வேற.

"மாப்ள, ஆளுக்கொரு வாளி குறைக்கணும். நீ ஒரு வாளி, நான் ஒரு வாளி."

"ஒரு வாளி என்ன மாமா, உங்களுக்காக ஒரு டிரம்மே குறைக்கிறேன்"னான் மச்சினன்.

மறுநாளே பீப்பா கிளினிக்குக்குப் போய், தொட்டில் வேலை விவரத்தைச் சொன்னாரு. அங்க இருந்த நர்சம்மா அவரை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"என்ன சாப்பிடுவீங்க?"

"சாதாரணமாத்தாம்மா. காலையில ரொட்டி."

"எத்தனை?"

"எண்ணிச் சாப்பிட்டா உடம்புல ஒட்டாதும்மா."

"ஒட்டினதுதான் தெரியுதே. நீங்க வாயில போடுற ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் சக்தி இருக்கு. அதை அளக்கிறதுக்குத்தான் கலோரின்னு பேரு. நடந்தா, ஏறினா, கைப்பிடி சுத்தினா செலவாகும். செலவாகாதது எங்க போகும்?"

பீப்பா குனிஞ்சு பாத்தாரு. அவரோட பாதம் தெரியல, பதில் தெரிஞ்சுது.

நர்சம்மா பொறுமையாச் சொன்னாங்க. பட்டினி கிடக்கக் கூடாது, தொங்குற ஆளுக்குக் கண்ணு இருட்டினா கதை முடிஞ்சுது. மூணு வேளையும் சாப்பிடணும், ஆனா தட்டுல பாதிக்குக் காய்கறி. முட்டை, பருப்பு கட்டாயம். எண்ணெய், சக்கரை ரெண்டும் கண்ணுக்குத் தெரியாம உள்ள போற திருடனுங்க, அவனுங்களைப் பிடிக்கணும். தினமும் வேகமா நடக்கணும். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம்.

"எனக்கு உக்காந்திருந்தாலே பாட வராதும்மா."

"நடந்துட்டோம்னு சொல்லி, திரும்பி வரும்போது கடையில நின்னு ரெண்டு இனிப்பு பன்னு தின்னீங்கன்னா, நடந்தது பன்னுக்குச் சரியாப் போயிரும். தொப்பை சௌக்கியமா அப்படியே இருக்கும். உள்ள போறது குறையணும், வெளிய போறது கூடணும். ரெண்டும் சேந்து நடக்கணும். மெதுவாத்தான் இறங்கும், அவசரப்படாதீங்க."

பீப்பா வீட்டுக்கு வந்து சட்டம் போட்டாரு. சோறு ஒரு கரண்டி. டீயில சக்கரை கிடையாது. பொரிச்சது பக்கத்துல வரக் கூடாது. சம்சாரம் தட்டைப் பாத்துட்டு அழாத குறை.

"என்னங்க இது, கோழிக்குப் போடுற மாதிரி இருக்கு."

"கோழி பறக்கும்ல, அது மாதிரி நானும் பறக்கணும். நீ கம்மியாவே சமை."

"எனக்குக் கை அளவு மாற மாட்டேங்குதுங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து பழகின கை."

சமைச்ச மிச்சம் என்னாகுதுன்னு அவரு கேக்கல. அதைக் கண்ணால பாத்தா ஆசை வந்துரும்னு, சாப்பிட்ட உடனே அடுப்படியை விட்டு ஓடிப் போயிருவாரு.

நடக்கிறதுக்கு மச்சினனைக் கூப்பிட்டாரு. அவன் பக்கத்துத் தெருவுல ஒரு ரூம்ல தனியா இருந்தான்.

"மாமா, நீங்க இந்தப் பக்கமாப் போங்க, நான் அந்தப் பக்கமாப் போறேன். சேந்து போனா கதை பேசிக்கிட்டு ஆமை மாதிரி போவோம்."

நியாயமாத்தானே பேசுறான்னு பீப்பாவுக்குப் பெருமையாக் கூட இருந்துச்சு. அவரு தினமும் விடியும்போதே கிளம்பி, பூங்கா வேலியை ஒட்டி, பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டி, மேம்பாலம் ஏறி இறங்கி வருவாரு. முதல்ல நாயெல்லாம் குரைச்சுது. அப்புறம் இந்த ஆளால நம்மைத் துரத்தவும் முடியாது, ஓடவும் முடியாதுன்னு தெரிஞ்சு தூங்கிருச்சுங்க. முட்டி வலி பிச்சுக்கிட்டுப் போச்சு. அதை வீட்டுல சொன்னா சம்சாரம் நிறுத்தச் சொல்லிரும்னு, தொட்டில்ல இருக்கும்போது மச்சினன் காதுல மட்டும் போட்டு வச்சாரு. "யாருட்டயும் சொல்லாதடா. சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா கீழ தள்ளிருவாரு."

"உசுரே போனாலும் சொல்ல மாட்டேன் மாமா."

கொஞ்ச நாள்ல அந்த வலியும் போயிருச்சு.

முதல் தடவை மறுபடியும் தராசுல ஏறினப்போ அரை வாளி குறைஞ்சிருந்துச்சு. ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. "இதுல பாதி உன்னோடது மாப்ள"ன்னாரு பீப்பா. மச்சினன் வெக்கப்பட்டான். அடக்கமான பையன்னு நினைச்சுக்கிட்டாரு.

அதுக்கப்புறம் முள்ளு நகரவே இல்ல. பீப்பா படி ஏறினாரு, லிஃப்ட்டைத் திரும்பிக் கூடப் பாக்கல. பிஸ்கட்டு டப்பா இருக்கிற பக்கம் முதுகைக் காட்டிப் படுத்தாரு. தராசு கிணத்துல போட்ட கல்லு மாதிரி அப்படியே கிடந்துச்சு. ஆனா கிளினிக்குப் போனா நர்சம்மா சிரிக்கிறாங்க. "ரொம்ப நல்லா இறங்கியிருக்கீங்க, இதே மாதிரி போங்க"ங்கிறாங்க. பீப்பாவுக்கு ஒண்ணும் புரியல. கிளினிக்குல இருக்கிறது கைக்குழந்தையை நிறுத்துற தராசு, நம்ம உடம்பைப் பாத்துப் பயந்து குறைச்சுக் காட்டுதுன்னு முடிவு பண்ணிட்டாரு. பீரோவைத் தாங்குற தராசு பொய் சொல்லுமா. இப்படி மாத்தி மாத்தி ரெண்டு தராசையும் சந்தேகப்பட்டாரு. இரும்பு பொய் சொல்லும்னு நம்பினாரே ஒழிய, மச்சினன் பொய் சொல்லுவான்னு அவருக்குத் தோணவே இல்ல.

கைப்பிடி கூடச் சொல்லிப் பாத்துச்சு. தொட்டில் ஏறும்போது பீப்பாவோட முனை விறுவிறுன்னு போகுது, மச்சினன் முனை பின்னாலயே கிடக்குது. அவன் சுத்திச் சுத்தி நாக்கு வெளிய வந்துருச்சு.

"என்னடா மாப்ள, கை சோந்து போச்சா?"

"உடம்பு குறைஞ்சுருச்சுல மாமா, பலம் இல்ல."

பாவம், பிள்ளை எவ்வளவு கஷ்டப்படுதுன்னு பீப்பா தன் வேகத்தைக் குறைச்சுக்கிட்டாரு. வீட்டுக்கு வந்து சம்சாரத்துட்டயும் சொன்னாரு. "உன் தம்பி ரொம்ப வாடிட்டான், ஒரு முட்டையாவது கொடு."

"காலையில உங்களுக்கு முன்னாடியே எந்திரிச்சு நடந்துட்டு வந்துடுறான்ங்க. சொன்னாக் கேக்க மாட்டேங்குறான்"னு சொன்னாங்க அந்த அம்மா, முகத்தைத் திருப்பாமலேயே.

ஒரு நாள் பள்ளிக்கூடச் சுவர்கிட்டப் போகும்போது பீப்பாவோட ஷூவுல அடிப்பாகம் கழண்டு, முதலை மாதிரி வாயைப் பொளந்துக்கிச்சு. ஒரு அடி எடுத்து வச்சா ரெண்டு தடவை சத்தம் கேக்குது. சரின்னு ஷூவைக் கையில பிடிச்சுக்கிட்டு, வெறுங்காலோட பாதியிலயே திரும்பிட்டாரு. வழக்கமா அவரு மேம்பாலத்து மேல இருக்கிற நேரத்துல வீட்டுக் கதவைத் தள்ளினாரு.

அடுப்படியில மச்சினன் பனியனோட உக்காந்திருந்தான். இவரு உக்காருற நாற்காலி. இவரு தட்டு. அதுல வெண்ணெய் தடவின ரொட்டி அடுக்கி வச்சிருக்கு, வீடு கட்டலாம் அதை வச்சு. பக்கத்துல பொரிச்ச முட்டை, நேத்து ராத்திரி இவரு வேணாம்னு ஒதுக்கின கறி, ஒரு கிண்ணத்துல பொரிச்ச உருளைக்கிழங்கு. அக்கா டீயை ஆத்திக்கிட்டு நிக்கிறாங்க. சக்கரை டப்பா திறந்தே கிடக்கு.

மச்சினன் வாயில இருந்ததை மெல்லாம அப்படியே முழுங்கினான்.

"மாமா... இப்பத்தான் நடந்து முடிச்சுட்டு வந்தேன்."

"எங்க நடந்த? தட்டுக்கும் வாய்க்குமா?"

பீப்பா ஷூவைக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. பாத்தா அடிக்கப் போற மாதிரி இருந்துச்சு, ஆனா அவருக்கு அந்த ஷூ கையில இருக்கிறதே ஞாபகம் இல்ல.

"எத்தனை நாளா?"

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. முதல் தடவை நான் ஒண்ணுமே பண்ணல. நாளைக்கு ஆரம்பிக்கலாம், நாளைக்கு ஆரம்பிக்கலாம்னு விட்டுட்டேன். அப்படியும் முள்ளு இறங்குச்சு. மொத்தமாத்தானே எடை போடுறாங்க. நீங்க குறைச்சா நான் குறைச்ச மாதிரிதானே மாமா."

"நான் நடந்து கரைச்சதை நீ உக்காந்து தின்னுருக்க."

"என்னங்க, சின்னப் பையன், பசி தாங்க மாட்டான்"னு அக்காக்காரி நடுவுல வந்தாங்க. "நீங்க வேணாம்னு ஒதுக்குறீங்க. குப்பையில கொட்டச் சொல்றீங்களா? என் கூடப் பிறந்தவனுக்குத்தானே கொடுத்தேன்."

"கொடுத்ததைச் சொல்லல. தினமும் நடந்துட்டு வந்துடுறான்னு சொன்னியே, அதைச் சொல்றேன்."

"உங்க மேல இருந்த நம்பிக்கைதாங்க. ரெண்டு பேரு பங்கையும் நீங்களே குறைச்சிருவீங்கன்னு."

உலகத்துல ஒரு ஆளை நம்பினதுக்காக இவ்வளவு மோசமா யாரும் ஏமாத்தியிருக்க மாட்டாங்க. பீப்பாவுக்குச் சிரிப்பு வரணும். அவரு வாய் அப்படிப்பட்ட வாய். ஆனா அன்னைக்கு அது கோணிக்கிட்டுத்தான் போச்சு. பசியை விட, அந்தத் தட்டுதான் அவரைச் சுட்டுச்சு. வேற தட்டு எடுத்திருக்கலாம்ல.

கடைசியில அவருதான் இறங்கி வந்தாரு. "இன்னைல இருந்தாவது நட. நான் யாருட்டயும் வாயைத் திறக்க மாட்டேன். நானும் இன்னும் கொஞ்சம் குறைக்கிறேன்."

மச்சினன் அக்கா தலையில கையை வச்சுச் சத்தியம் பண்ணினான். அக்காவும் தலையைக் காட்டிக்கிட்டு நின்னாங்க.

அன்னைக்கு வேலைக்குப் போய்த் தொட்டில்ல ஏறினப்போ, வழக்கம் போல மச்சினன் வந்து பீப்பாவோட முடிச்சை இழுத்துப் பாத்தான். "சரியா இருக்கு மாமா"ன்னான். அவன் அந்தப் பக்கம் திரும்பினதும் பீப்பா குனிஞ்சு, தன் முடிச்சைத் தானே ஒரு தடவை இழுத்துப் பாத்தாரு. இத்தனை வருஷத்துல அவரு அப்படிப் பண்ணினது கிடையாது. முடிச்சு கெட்டியாத்தான் இருந்துச்சு. அதுல அவருக்கு நிம்மதி வரல, அவமானமாத்தான் இருந்துச்சு.

கோபுர வேலை ஆரம்பிக்கப் போகுதுன்னு கடைசித் தராசு நாளும் வந்துச்சு. பீப்பா அதுக்குள்ள இன்னும் இளைச்சிருந்தாரு. கம்பெனி கொடுத்த உடுப்பு தொளதொளன்னு கூடாரம் மாதிரி இருக்கிறதால, உள்ள ஒரு ஆளு குறைஞ்சதும், இன்னொரு ஆளு கூடினதும் வெளிய யாருக்கும் தெரியாது. மச்சினன் நடந்தானான்னு அவரு விசாரிக்கவும் இல்ல. சத்தியம் பண்ணியிருக்கான், விசாரிச்சா மரியாதை இல்லன்னு விட்டுட்டாரு.

ரெண்டு பேரும் வாளியோட ஏறினாங்க. முள்ளு போச்சு, ஆடுச்சு, நின்னுச்சு.

"இன்னும் ஒரு வாளி மிச்சம்"னாரு சூப்பர்வைசரு. "என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஜோடியைப் பிரிக்கிறேன். ஒருத்தரு மேல, ஒருத்தரு கீழ."

சொல்லிட்டு, யோசிக்கவே இல்லாம இவரைப் பாத்தாரு. பேரே பீப்பாவாச்சே. அந்தப் பேரு இருக்கும்போது வேற யாரைப் பாப்பாங்க.

"நீங்க கீழ வந்துருங்க பீப்பாண்ணே. ரொம்ப வருஷம் தொங்கிட்டீங்க. சின்னப் பையன் இருக்கட்டும்."

பீப்பா மச்சினனைப் பாத்தாரு. அவன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லணும்னு கூட அவரு எதிர்பாக்கல. 'பேசிக்கலாம் சார், கொஞ்சம் டைம் கொடுங்க'ன்னு ஒரு வார்த்தை போதும். அவன் தரையைப் பாத்தான். தராசைப் பாத்தான். அப்புறம் மெதுவாச் சொன்னான்.

"மாமாவுக்கு முட்டி வலி வேற இருக்கு சார். கீழ இருந்தா அவருக்கும் நல்லதுதான்."

அந்த இடத்துல ஒரு லாரி ரிவர்ஸ்ல வந்துக்கிட்டே கூவிக்கிட்டிருந்துச்சு. பீப்பாவுக்கு அது கூடக் கேக்கல. அடுப்படியில பாத்தது பசி. அதை மன்னிச்சுட்டாரு. இது பசி இல்ல.

"சார்"ன்னாரு. "ஒவ்வொருத்தரா ஏத்துங்க."

"எதுக்குண்ணே, மொத்தம்தானே..."

"ஏத்திப் பாருங்க சார்."

மச்சினன் சட்டுன்னு அவரு கையைப் பிடிச்சான். "மாமா, வேணாம் மாமா. அக்கா வருத்தப்படும்."

பீப்பா கையை உருவிக்கிட்டு, பெல்ட்டைக் கழட்டி, வாளியைக் கீழ வச்சுட்டு, அந்த இரும்புப் பலகையில தனியா ஏறி நின்னாரு. முள்ளு பாதி தூரம் கூடப் போகல. சூப்பர்வைசரு தராசை ஒரு தட்டு தட்டிப் பாத்தாரு. நகரல. கிட்ட வந்து, உடுப்பைப் பின்னால பிடிச்சு இழுத்துப் பாத்தாரு. இன்னொரு ஆளு உள்ள குடியிருக்கிற அளவுக்கு இடம் இருந்துச்சு.

அடுத்தது மச்சினன் ஏறினான். முள்ளு ஏதோ அவசர வேலை இருக்கிற மாதிரி ஓடுச்சு.

சூப்பர்வைசரு ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. "இதுல பீப்பா யாருப்பா?"

சுத்தி நின்ன ஜோடிங்க எல்லாம் சிரிச்சாங்க. சிரிக்காதது ரெண்டே பேருதான். மச்சினன் அன்னைக்கே பாதாளத்துக்குப் போயிட்டான், பக்கெட்டையும் துடைப்பத்தையும் எடுத்துக்கிட்டு.

வீட்டுக்குச் சேதி இவருக்கு முன்னாடியே போய்ச் சேந்திருந்துச்சு. சம்சாரம் கதவைத் திறந்துட்டு, உள்ள போய்ச் சுவரைப் பாத்து உக்காந்துட்டாங்க.

"என் தம்பியைக் கீழ இறக்கிட்டு வந்துட்டீங்களே. நாலு பேரு முன்னாடி."

"அவன் என்னைக் கீழ இறக்கச் சொன்னான். அதே நாலு பேரு முன்னாடி."

"அவன் சின்னவன். நீங்க விட்டுக் கொடுத்திருக்கலாம். மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன, ரெண்டும் ஒரே வீட்டுக்குத்தானே வருது."

"நான் எவ்வளவு நடந்தேன்னு உனக்குத் தெரியும்ல. தினமும் நீதானே கதவைத் திறந்து விட்ட."

அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும்ங்கிறதும், அது அவருக்குத் தெரிஞ்சு போச்சுங்கிறதும் அந்த ரூம்ல மூணாவது ஆளு மாதிரி உக்காந்திருந்துச்சு. பீப்பா தானே போய்ச் சோத்தைப் போட்டுக்கிட்டாரு. ஒரு கரண்டி. காய்கறி பாதித் தட்டு. யாரும் கொஞ்சம் போட்டுக்கோங்கன்னு சொல்லல, போதும்னும் சொல்லல. பாதி சாப்பிட்டுக் கழுவி வச்சாரு. அளவா சாப்பிடக் கத்துக்கிட்ட மனுஷனுக்கு அன்னைக்கு அந்த அளவு கூட இறங்கல.

கோபுர வேலை ஆரம்பிச்சுது. புது ஜோடியா வந்தவன் வேற கட்டடத்துல வேலை பாத்த ஆளு, வாய் ஓயாத ஆளு. இவரு முடிச்சை இழுத்துப் பாத்தான், இவரும் அவன் முடிச்சைப் பாத்தாரு. கைப்பிடி சுத்த ஆரம்பிச்சாங்க. தொட்டில் மட்டமா ஏறுச்சு. மரமெல்லாம் கீரைக்கட்டு மாதிரி ஆச்சு, காரெல்லாம் தீப்பெட்டி மாதிரி ஆச்சு. அவரு ஆசைப்பட்ட உயரம் வந்துருச்சு. காத்து சட்டைக்குள்ள பூந்து, காலியான இடத்தையெல்லாம் நிரப்புச்சு.

பாதாளத்துல இருந்து வெளிய வர்ற சரிவுல ஒரு ஆளு பக்கெட்டோட வந்து வெளிச்சத்துல நின்னான். கண்ணு கூசுச்சோ என்னமோ, நெத்திக்கு மேல கையை வச்சு அண்ணாந்து பாத்தான். புது ஆளும் எட்டிப் பாத்தான்.

"அண்ணே, கீழ ஒருத்தன் நம்மளையே பாத்துக்கிட்டு நிக்கிறான். உங்க ஆளா?"

பீப்பா ஈரத் துணியைப் பிழிஞ்சு கண்ணாடியில வச்சாரு.

"தெரிஞ்சவன்"னு சொல்லிட்டுத் துடைக்க ஆரம்பிச்சாரு.